ஜெனீவாவில் கொடுத்த வாக்கு: சர்வதேசத் தொழிலாளர் தரங்களும் இந்திய அரசின் கடப்பாடும்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. 65ஏ என்ற புதிய பிரிவின் மூலம், வேலை நேர விதிகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொள்ளும் மசோதா அது. பன்னிரண்டு மணி நேர வேலை வரப்போகிறது என்று தொழிலாளர்கள் கொதித்தார்கள். கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன. ஆளுங்கட்சியின் சொந்தச் சங்கமான தொ.மு.ச.வும் எதிர்த்தது. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

எட்டு மணி நேர வேலைக்குச் சர்வதேச உடன்படிக்கை ஒன்று காவல் நிற்கிறது என்பது பலரின் நம்பிக்கை. உடன்படிக்கை இருப்பது உண்மைதான். 1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே வேலை நேரம் பற்றியது: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. இந்தியா அதை 1921 ஜூலையிலேயே ஏற்றது. ஆனால் அதன் 10-ஆவது பிரிவை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அது வாரம் 60 மணி என்ற தனிக் கணக்கு வைத்தது. காலனித் தொழிலாளியின் உடம்புக்குத் தனி அளவுகோல். நூறாண்டு கழித்தும் இந்தியாவின் சர்வதேச வாக்குறுதி அந்த 60 மணியில்தான் நிற்கிறது. ஆகவே, வாரம் 48 மணியைத் தாண்டாமல் நாளுக்கு 12 மணி என்று யாராவது சட்டம் போட்டால், அது 1921 வாக்கை மீறியது என்று ஜெனீவாவில் நிரூபிப்பது கடினம்.

மசோதாவை நிறுத்தியவை தொழிற்சங்கங்கள். உடன்படிக்கைக்கு அதில் நேரடிப் பங்கு இல்லை. தொழிலாளர், சமூகக் கொள்கை தொடர்பான சர்வதேசத் தரங்களின் கீழ் ஓர் அரசு எதற்குக் கடமைப்பட்டது என்ற கேள்வியை இந்த முரணிலிருந்து தொடங்குவது நல்லது. எத்தனை உடன்படிக்கைகளில் கையொப்பம் இருக்கிறது என்று எண்ணுவது எளிய வேலை. அந்தக் கையொப்பத்தைக் காட்டி அரசைக் கேள்வி கேட்கும் வழிகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் உண்மையான ஆய்வு. இந்தியாவைப் பொறுத்தவரை, கையொப்பப் பட்டியல் பரவாயில்லை. வழிகள்தான் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்பது என் முடிவு.

எது கட்டுப்படுத்துகிறது

1919 வெர்சாய் ஒப்பந்தத்தின் ஓர் அங்கமாகப் பிறந்தது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ. இன்று 187 நாடுகள் உறுப்பினர். அரசு, முதலாளிகள், தொழிலாளர் என மூன்று தரப்பும் வாக்களிக்கும் ஒரே ஐ.நா. அமைப்பு அது. இந்தியா தோற்றுநர் உறுப்பினர். அப்போது நாடு சுதந்திரம்கூட அடைந்திருக்கவில்லை. 1922 முதல் ஆட்சிக் குழுவில் நிரந்தர இடமும் உண்டு. வாஷிங்டனுக்குத் தொழிலாளர் பிரதிநிதியாகப் போனவர் என்.எம். ஜோஷி. அடுத்த ஆண்டே பம்பாயில் ஏ.ஐ.டி.யு.சி. பிறந்ததற்கு, ஜெனீவாவுக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க ஓர் அகில இந்திய அமைப்பு வேண்டும் என்ற தேவையும் ஒரு காரணம்.

கடமைகளில் ஒரு பகுதி உறுப்பினராக இருப்பதாலேயே வந்து சேர்பவை. மாநாடு நிறைவேற்றும் ஒவ்வொரு உடன்படிக்கையையும் 12 மாதத்துக்குள், தவிர்க்க முடியாதபோது 18 மாதத்துக்குள், உரிய சட்ட மன்றத்தின் முன் வைக்க வேண்டும். ஏற்காத உடன்படிக்கைகளைப் பற்றியும் கேட்கும்போது அறிக்கை தர வேண்டும். 1998-இல் வந்த பிரகடனம் ஒரு படி மேலே போனது. சங்கம் சேரும் சுதந்திரம், கட்டாய உழைப்பு ஒழிப்பு, குழந்தைத் தொழில் ஒழிப்பு, வேலையில் பாகுபாடின்மை ஆகிய நான்கு கோட்பாடுகளையும், உரிய உடன்படிக்கைகளை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் எல்லா உறுப்பு நாடுகளும் மதிக்க வேண்டும் என்றது. 2022 ஜூனில் பாதுகாப்பான, உடல்நலம் கெடாத பணிச்சூழல் ஐந்தாவதாகச் சேர்ந்தது. இப்போது அடிப்படை உடன்படிக்கைகள் பத்து.

ஏற்புறுதி கொடுத்துவிட்டால் கடமை இறுகுகிறது. சட்டத்தையும் நடைமுறையையும் உடன்படிக்கைக்கு இணங்க மாற்ற வேண்டும். குறித்த காலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். அதன் நகலை முதலாளிகள், தொழிலாளர் அமைப்புகளுக்கும் கொடுக்க வேண்டும். 1926 முதல் இயங்கும் வல்லுநர் குழு அறிக்கைகளை வரி வரியாகப் படித்துக் குறிப்பு எழுதும். முக்கியமானவற்றை மாநாட்டுக் குழு வெளிப்படையாக விவாதிக்கும். அபராதம் கிடையாது, சிறை கிடையாது. அமைப்பின் சாசனத்தில் உள்ள கடைசி ஆயுதமான 33-ஆவது பிரிவை 2000-இல் கட்டாய உழைப்புக்காக மியான்மர் மீதும், 2023-இல் சங்க உரிமைக்காக பெலாரஸ் மீதும் பயன்படுத்தியது தவிர, ஐ.எல்.ஓ. கையில் இருப்பது பகிரங்கமாகக் கேள்வி கேட்கும் வலிமை மட்டுமே.

இதற்கு வெளியே ஐ.நா.வின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கை இருக்கிறது. 1979-இல் இந்தியா அதில் சேர்ந்தது. தொழிற்சங்க உரிமை பற்றிய 8-ஆவது பிரிவை நம் அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவுக்கு இணங்கவே செயல்படுத்துவோம் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்துக்கொண்டது. கிடைக்கும் வளங்களுக்கு ஏற்பப் படிப்படியாக நிறைவேற்றலாம் என்று அந்த உடன்படிக்கை இடம் தருகிறது. ஏழை நாடு எங்களால் முடியாது என்று சொல்ல இது வசதியான வரி. ஆனால் பாகுபாடு காட்டாமல் இருக்கும் கடமைக்கு அவகாசம் கிடையாது. எட்டிய நிலையிலிருந்து காரணமின்றிப் பின்வாங்கவும் கூடாது. இந்தப் பின்வாங்காமைதான் இன்றைய விவாதத்தில் நாம் அதிகம் மறந்துபோகும் கடமை.

டெல்லியில் கையொப்பம், காஞ்சிபுரத்தில் ஆய்வாளர்

இந்தியாவில் சர்வதேச ஒப்பந்தம் தானாகச் சட்டமாகிவிடாது. அரசியலமைப்பின் 253-ஆவது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 51-ஆவது பிரிவு ஒப்பந்தக் கடமைகளுக்கு மதிப்பை வளர்க்கச் சொல்கிறது. தொழிலாளர் நலனோ பொதுப் பட்டியலில் இருக்கிறது. வாக்குக் கொடுப்பது ஒன்றிய அரசு. பெரும்பாலான ஆலைகளில் அதை நிறைவேற்ற வேண்டியது மாநில அரசின் ஆய்வாளரும் சமரச அலுவலரும். ஜெனீவாவில் யாராவது கேட்டால் டெல்லி மாநிலங்களைக் கைகாட்டும். மாநிலத்தில் கேட்டால் அது டெல்லி போட்ட கையெழுத்து என்பார்கள். சர்வதேசச் சட்டத்தின் பார்வையில் இந்தச் சாக்குக்கு இடமில்லை. நாடு ஒன்றே, பொறுப்பும் ஒன்றே.

நீதிமன்றங்கள் சில நேரம் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கின்றன. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982-இல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புதான் என்றது உச்ச நீதிமன்றம். 1997 விசாகா தீர்ப்பு, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை அடிப்படை உரிமைகளோடு சேர்த்துப் படித்து, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளைத் தானே வகுத்தது. அதை நாடாளுமன்றம் சட்டமாக்க 2013 ஆனது. பதினாறு ஆண்டு.

இதே நீதிமன்றம்தான் 2003-இல் எதிர்த்திசையிலும் நடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1.7 லட்சம் பேரைத் தமிழ்நாடு அரசு ஒரே மூச்சில் பணிநீக்கம் செய்தது. டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமைகூட இல்லை என்று ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். சட்ட உரிமை இல்லை என்பது ஒரு வாதம்; தார்மீகத்தை அளக்க நீதிமன்றத்தை யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

ஏற்காத இரண்டு

இந்தியா இதுவரை ஏற்ற உடன்படிக்கைகள் 47. கூடவே ஒரு துணை ஆவணம். பத்து அடிப்படை உடன்படிக்கைகளில் கட்டாய உழைப்பு, சம ஊதியம், பாகுபாடு, குழந்தைத் தொழில் பற்றிய ஆறுக்கு ஏற்புறுதி உண்டு. எஞ்சிய நான்கில், சங்கம் சேரும் சுதந்திரம் பற்றிய 87-ஆம் எண் உடன்படிக்கையும், கூட்டுப் பேர உரிமை பற்றிய 98-ஆம் எண்ணும் 1948, 1949 முதல் காத்துக் கிடக்கின்றன. 87-ஐ ஏற்காத வரிசையில் அமெரிக்காவும் சீனாவும் இருக்கின்றன என்பது ஆறுதலா, வெட்கமா என்பதை அவரவர் முடிவு செய்யலாம்.

டெல்லி திரும்பத் திரும்பச் சொல்லும் காரணம், அரசு ஊழியர். அவர்களுக்கு வேலைநிறுத்த உரிமையும் வெளிப்படையாக அரசை விமர்சிக்கும் உரிமையும் தர முடியாது, அவர்களுக்கு வேறு பாதுகாப்புகள் உண்டு என்பது வாதம். இது அவ்வளவு வலுவான வாதமாகத் தெரியவில்லை. 87, இராணுவத்தையும் காவல் துறையையும் விட்டுவிட அனுமதிக்கிறது. 98, அரசு நிர்வாகத்தில் ஈடுபட்டுள்ள ஊழியர்களை எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிடுகிறது. அரசின் பெயரால் அதிகாரம் செலுத்துவோருக்கும் உயிர்காக்கும் சேவைகளுக்கும் வேலைநிறுத்தத்தைத் தடை செய்யலாம் என்று ஐ.எல்.ஓ. குழுக்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. வேலைநிறுத்த உரிமை 87-க்குள் அடங்குமா என்பதே முதலாளிகள் தரப்பு கிளப்பிய தகராறு. 2023 நவம்பரில் அதைச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பினார்கள். ஆக, சில லட்சம் அதிகாரிகளைக் காட்டி, கோடிக்கணக்கான தனியார் ஆலைத் தொழிலாளரின் உரிமையைச் சர்வதேச வாக்குறுதிக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு விசித்திரம். வயலில் வேலை செய்பவர் சங்கம் சேரும் உரிமை பற்றிய 1921 உடன்படிக்கையை இந்தியா 1923-லேயே ஏற்றது. ஊரகத் தொழிலாளர் அமைப்புகள் பற்றிய 141-ஐ 1977-இல் ஏற்றது. தஞ்சாவூர் விவசாயத் தொழிலாளிக்குச் சங்கச் சுதந்திரம் உண்டு என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்த நாடு, திருப்பெரும்புதூர் ஆலைத் தொழிலாளிக்கு அதே வாக்கைக் கொடுக்க மறுக்கிறது.

சென்னைக்கும் இந்தக் கதைக்கும் பழைய உறவு. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைமையில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கருதப்படுவது. 1920-இல் பக்கிங்காம் ஆலை நிர்வாகம் வாடியா முதலானோர் மீது நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் தடை உத்தரவு கொடுத்தது. சங்கம் நடத்துவதே குற்றச் சதியாகிவிடும் நிலை. அதற்கு எதிர்வினையாக என்.எம். ஜோஷி சட்டமன்றத்தில் எழுப்பிய கோரிக்கையின் பலன் 1926 தொழிற்சங்கச் சட்டம். அந்தச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய வழி தந்தது. நிர்வாகம் அந்தச் சங்கத்தோடு பேசியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பதிவாளர் எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற கெடுவையும் வைக்கவில்லை.

அந்த ஓட்டையின் அளவு 2024-இல் தெரிந்தது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். ஆனால் போராட்டத்தின் மையம் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வருவதற்கு நிர்வாகம் ஆட்சேபம் தெரிவித்தது; விண்ணப்பம் தொழிலாளர் துறையில் கிடந்தது. 37 நாள் போராட்டம் அக்டோபர் 15 அன்று முடிந்தது. பதிவு கிடைத்தது 2025 ஜனவரி 27 அன்று, அதுவும் உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு. 87-ஆம் எண் உடன்படிக்கையின் 2-ஆவது பிரிவு, முன் அனுமதி இல்லாமல் தொழிலாளர்கள் விரும்பிய அமைப்பைத் தொடங்கலாம் என்கிறது. பதிவைத் தாமதிப்பதும் முன் அனுமதி கேட்பதும் பலனில் ஒன்றுதான். இந்தியா 87-ஐ ஏற்கவில்லையே என்று சொல்லித் தப்ப முடியாது. சங்கச் சுதந்திரப் புகார்களைக் கேட்கும் குழு 1951 முதல் இருக்கிறது. உடன்படிக்கையை ஏற்காத நாடுகள் மீதும் அது புகார் வாங்கும்.

வாக்கும் காலமும்

சட்டமும் நடைமுறையும் முழுக்கப் பொருந்திய பின்னரே ஏற்புறுதி கொடுப்போம் என்பது இந்தியாவின் நெடுநாள் கொள்கை. கேட்க நேர்மையாக இருக்கிறது. வரலாறு வேறு மாதிரி. கட்டாய உழைப்பு பற்றிய 29-ஐ இந்தியா ஏற்றது 1954 நவம்பரில். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததோ 1976-இல். இடைப்பட்ட 21 ஆண்டும் கடனுக்கு உழைத்தவர்கள் சர்வதேச வாக்குறுதியின் கீழ்தான் உழைத்தார்கள். சட்டம் வந்த பிறகும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குப் பிணையாகக் கிடந்து மீட்கப்படுவது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் இன்னும் ஓயவில்லை.

குழந்தைத் தொழில் விஷயத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1992-இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சேர்ந்தபோது, எல்லாத் தொழிலுக்கும் உடனே குறைந்தபட்ச வயது நிர்ணயிக்க முடியாது என்று இந்தியா ஓர் அறிவிப்பு கொடுத்தது. 1996-இல் சிவகாசி தொடர்பான எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2016 திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழிலிலும் தடை செய்தது. அதன் பலத்தில் 2017 ஜூனில் 138, 182 இரண்டையும் இந்தியா ஏற்றது. ஆனால் அதே திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று விலக்கு வைத்தது. வளரிளம் பருவத்தினருக்கான ஆபத்தான தொழில்களின் நீண்ட பட்டியலைச் சுரங்கம், வெடிபொருள், அபாயகரமான செயல்முறைகள் என்று மூன்றாகச் சுருக்கியது. தீப்பெட்டி ஒட்டுவதும் பீடி சுற்றுவதும் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும் என்பது விருதுநகருக்கும் திருநெல்வேலிக்கும் தெரியும். ஏற்புறுதிக்காகச் சட்டத்தை உயர்த்தியதும் இதே திருத்தம்தான், ஓட்டை போட்டதும் இதே திருத்தம்தான்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. பேறுகாலப் பாதுகாப்பு பற்றிய 183-ஐ இந்தியா ஏற்கவில்லை. அது கேட்பது 14 வார விடுப்பு; 2017 திருத்தத்தின்படி இந்தியச் சட்டம் தருவது 26 வாரம். தமிழ்நாடு தன் அரசு ஊழியருக்கு ஓராண்டு கொடுக்கிறது. தரத்தைத் தாண்டிவிட்டோம் என்று பெருமைப்படலாம், சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும் எண்ணினால். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் அந்த 26 வாரம் கிடையாது. வீட்டுப் பணியாளர் பற்றிய 189-க்கு 2011 மாநாட்டில் ஆதரவாக வாக்களித்த இந்தியா, ஊர் திரும்பி அதை ஏற்கவில்லை. பணியிட வன்முறை பற்றிய 190-க்கும் அதே கதி. சமூகப் பாதுகாப்பின் ஒன்பது கிளைகளில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேரலாம் என்று சலுகை தரும் 102-ஐயும், இ.எஸ்.ஐ.யை 1948-லேயே கொண்டுவந்த நாடு, தொடவில்லை.

ஏற்புறுதி மட்டுமே காப்பாற்றிவிடாது என்பதற்கு வங்கதேசத்தைப் பார்த்தால் போதும். தொழிலாளர் ஆய்வு பற்றிய 81-ஐயும், 87, 98 இரண்டையும் 1972-லேயே ஏற்ற நாடு அது. 2013 ஏப்ரலில் ராணா பிளாசா இடிந்தபோது 1,100-க்கு மேற்பட்டோர் செத்தார்கள். விரிசலை முந்தின நாளே பார்த்த தொழிலாளர்களுக்கு, உள்ளே போக மாட்டோம் என்று சொல்லச் சங்கம் இல்லை. இலங்கையும் 87-ஐ 1995-லேயே ஏற்றது. சுதந்திர வர்த்தக வலயங்களில் சங்கம் தொடங்குவது அங்கே இன்றும் போராட்டம்தான்.

ஆய்வாளர் வர வேண்டிய நேரம்

என் பார்வையில் இந்தப் பிரச்சினையின் கனமான பகுதி இதுதான். இந்தியா 1949-இல் ஏற்ற 81-ஆம் எண் உடன்படிக்கை தொழிலாளர் ஆய்வு பற்றியது. மற்ற எல்லா உடன்படிக்கைக்கும் கால் போல இருப்பது அது. 12-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி, பகலோ இரவோ எந்த நேரத்திலும் ஆலைக்குள் நுழையலாம். 16-ஆவது பிரிவு தேவையான அளவு அடிக்கடி, முழுமையாக ஆய்வு நடக்க வேண்டும் என்கிறது. இந்தியா இதில் வணிக நிலையங்கள் பற்றிய பகுதியைத் தவிர்த்துவிட்டது. அதனால் துணிக்கடைகள் இந்த வாக்குறுதிக்கு வெளியே. தமிழ்நாடு 2021-இல் கடைப் பணியாளருக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டம் போட்டது எந்த ஜெனீவா கடமையாலும் அல்ல.

2014-க்குப் பிறகு ஆய்வு முறை மாறியது. எந்த ஆலைக்கு யார் போவது என்று கணினி குலுக்கிப் போடும். அறிக்கையை 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். லஞ்சம் வாங்கும் ஆய்வாளரின் தொல்லையைத் தடுக்க என்றார்கள். தொல்லை இருந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எங்கே அபாயம் என்று அனுபவத்தில் அறிந்த ஆய்வாளர், அங்கே தானாகப் போக முடியாமல் செய்தால் நோய்க்கு மருந்தா அது? பல மாநிலங்கள் சுயசான்று முறையையும் சேர்த்துக்கொண்டன. வல்லுநர் குழு கேள்வி மேல் கேள்வி எழுப்பியது. 2019 மாநாட்டுக் குழுவில் இந்தியா இதற்காகவே விவாதத்துக்கு வந்தது.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொகுப்புச் சட்டங்கள் 29 பழைய சட்டங்களை விழுங்கியிருக்கின்றன. ஆய்வாளர் இனி 'ஆய்வாளரும் வசதியாளரும்'. ஊதியத் தொகுப்பின்படி, முதல் தவறுக்கு வழக்குப் போடும் முன் சரிசெய்துகொள்ள வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். எச்சரிப்பதா, வழக்குப் போடுவதா என்று தீர்மானிக்கும் உரிமையை 81-இன் 17-ஆவது பிரிவு ஆய்வாளருக்கே கொடுக்கிறது. அந்த உரிமை இப்போது சட்டத்தால் கட்டப்பட்டுவிட்டது. எல்லாத் தொழிலிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆனது. செயலி வழி வேலை செய்வோரைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் முதல்முறையாகக் கொண்டுவந்தது இந்தத் தொகுப்புகளின் நல்ல பக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் திசையில் தமிழ்நாடு 2023 டிசம்பரிலேயே ஒரு நல வாரியம் அமைத்துவிட்டது.

ஆய்வு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு விருதுநகர் மாவட்டம் சாட்சி. பெரும் தொழில் விபத்துகளைத் தடுக்கும் 174-ஐ இந்தியா 2008-இல் ஏற்றது. பொருளின் அளவை வைத்தே அது அபாய நிலையத்தை வரையறுக்கிறது. சிறு பட்டாசு ஆலைகள் வரையறைக்குக் கீழே நழுவிவிட இடமுண்டு. 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில், அறை இன்னொருவருக்கு உள்குத்தகை, உள்ளே அனுமதித்ததைவிட அதிக ஆள், அதிக மருந்து. மருந்துக் கலவையில் ஓர் உராய்வு போதும். உள்குத்தகையைக் கணினிக் குலுக்கலால் கண்டுபிடிக்க முடியாது. ஊர் தெரிந்த ஆய்வாளர், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால்தான் தெரியும்.

பேசும் மேசை

முத்தரப்புக் கலந்தாலோசனை பற்றிய 144-ஐ இந்தியா 1978-இல் ஏற்றது. அதைவிடப் பழைய மரபும் நமக்கு உண்டு. 1942-இல் தொடங்கிய இந்தியத் தொழிலாளர் மாநாடு அது; அம்பேத்கர் வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த ஆண்டுகளில் வேரூன்றியது. அதன் 46-ஆவது கூட்டம் 2015 ஜூலையில் நடந்தது. நாற்பத்தேழாவது கூட்டம் நடக்காமலேயே, 2019-லும் 2020-லும் நான்கு தொகுப்புகளும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. துறை அளவில் கூட்டங்கள் நடத்தினோம் என்பது அரசின் பதில். நூற்றாண்டுக் காலச் சட்டங்களைப் புரட்டிப் போடும்போது கூட்டாத மாநாட்டை வேறு எதற்குக் கூட்டுவார்கள்?

2020 மே மாதம் கொரோனாவின் நிழலில் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் ஆகியவை தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்தவும் இடைநிறுத்தவும் முனைந்தபோது, மத்தியத் தொழிற்சங்கங்கள் ஐ.எல்.ஓ.வுக்கு எழுதின, அதன் தலைமை இயக்குநர் கை ரைடர் பிரதமருக்குக் கவலை தெரிவித்தார். உத்தரப் பிரதேசம் 12 மணி நேர உத்தரவை விலக்கிக்கொண்டது. குஜராத்தின் அறிவிக்கையை அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பெருந்தொற்று, தொழிற்சாலைகள் சட்டம் சொல்லும் பொது அவசரநிலை ஆகாது என்றது. சங்கங்கள் இருந்ததால் புகார் போனது. புகார் போனதால் கேள்வி வந்தது.

இனி வணிக ஒப்பந்தங்கள். 1996 சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூடியபோது, தொழிலாளர் தரங்களை வணிகத்தோடு முடிச்சுப் போடுவதை இந்தியா கடுமையாக எதிர்த்தது. பணக்கார நாடுகள் இறக்குமதியைத் தடுக்க அதைக் கருவியாக்கும், இதற்குரிய இடம் ஐ.எல்.ஓ. மட்டுமே என்றது. அந்த நிலைப்பாடு நியாயமானது. ஆனால் ஐ.எல்.ஓ.தான் இடம் என்றவர்கள் அந்த இடத்தில் 87-க்கும் 98-க்கும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வெற்றிடத்தில் வணிகம் நுழைந்துவிட்டது. 2024-இல் ஐரோப்பாவின் எஃப்டா நாடுகளோடும் 2025-இல் பிரிட்டனோடும் கையெழுத்தான ஒப்பந்தங்களில் தொழிலாளர் தரங்கள் இடம்பெற்றுள்ளன. திண்டுக்கல்லில் ஓர் ஆயத்த ஆடை ஆலைப் பெண் தொழிலாளியின் கொலைக்குப் பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022-இல் ஆலை நிர்வாகத்தோடும் வெளிநாட்டு ஆடை நிறுவனத்தோடும் பாலியல் வன்முறைக்கு எதிராகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செய்தது. அரசு ஏற்காத 190-இன் உள்ளடக்கத்தை ஒரு சங்கம் சந்தையிடமிருந்து வாங்கிவிட்டது. பாராட்ட வேண்டிய சாதனை. ஆனால் ஏற்றுமதி செய்யாத ஆலையில் தறி ஓட்டும் பெண்ணுக்கு எந்த வெளிநாட்டு நிறுவனமும் கையெழுத்துப் போடப் போவதில்லை. அங்கே அரசு மட்டுமே இருக்கிறது.

87-ஐயும் 98-ஐயும் ஏற்பது, தொழிலாளர் மாநாட்டைக் கூட்டுவது இரண்டும் டெல்லி செய்ய வேண்டியவை. மாநிலம் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. 81-இன் 20, 21-ஆவது பிரிவுகள், எத்தனை ஆய்வாளர்கள், ஆய்வுக்குட்பட்ட ஆலைகள் எத்தனை, சென்ற முறைகள் எத்தனை, கண்ட மீறல்கள், விதித்த தண்டனைகள், நடந்த விபத்துகள் என்ற விவரங்களோடு ஆண்டு முடிந்த 12 மாதத்துக்குள் அறிக்கை வெளியிடச் சொல்கின்றன. அடுத்த முறை தொழிலாளர் நலத் துறையின் மானியக் கோரிக்கை சட்டப்பேரவைக்கு வரும்போது, ஏதாவது ஒரு கட்சியின் உறுப்பினர் எழுந்து, மாவட்ட வாரியாக, அந்த அறிக்கையைத் தமிழில் மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்கட்டும்.